குழந்தை விழும் இடம்: மணல், மரச்சில்லு, ரப்பர் துகள்

பள்ளியோ, பூங்காவோ, அடுக்குமாடிக் குடியிருப்போ, குழந்தைகளுக்கு விளையாட்டுத் திடல் அமைப்பது என்று முடிவானதும் முதலில் எல்லோர் கைக்கும் வருவது கருவிகளின் படப் புத்தகம்தான். எத்தனை அடி சறுக்கு மரம், எத்தனை ஊஞ்சல், என்ன நிறம் என்று பேசி முடித்து, முன்பணமும் கொடுத்த பிறகே தரையைப் பற்றிய பேச்சு வருகிறது. அதற்குள் கையில் பணம் தீர்ந்திருக்கும். "இரண்டு லோடு மணல் கொட்டிவிடலாம்" என்று முடித்துக்கொள்கிறார்கள்.

இந்த வரிசையை மாற்றுங்கள் என்பதுதான் இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்தப்போவது. ஆண்டு முழுவதும் உங்களால் பராமரிக்க முடிந்த தரை எது என்று முதலில் தீர்மானியுங்கள். அந்தத் தரை எவ்வளவு உயரம்வரை காப்பாற்றும் என்று பாருங்கள். அந்த உயரத்துக்கு உட்பட்ட கருவிகளை மட்டும் வாங்குங்கள்.

விளையாட்டுத் திடல் காயங்களுக்கு முதன்மைக் காரணம் கீழே விழுவது. அதைத் தடுக்க முடியாது. தடுக்கவும் கூடாது, ஏறி விழுந்து எழாமல் குழந்தைக்கு உடல் பழகாது. நம் கையில் இருப்பது, குழந்தை விழுகிற உயரமும் தரையும்தான்.

மெத்தென்ற தரை என்ன செய்கிறது?

ஐந்தடி உயரத்திலிருந்து விழும் குழந்தை தரையைத் தொடும்போது மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். அந்த வேகம் எவ்வளவு தூரத்துக்குள் பூஜ்யமாகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கணக்கு எளியது: விழுந்த உயரத்தை, நிற்பதற்கு எடுத்துக்கொண்ட தூரத்தால் வகுத்தால், தலைமேல் சராசரியாக எத்தனை மடங்கு புவியீர்ப்பு விசை செயல்பட்டது என்று தெரிந்துவிடும். உதிரியான மணல் 3 சென்டிமீட்டர் அமுங்கிக் கொடுத்தால் ஏறத்தாழ 50 மடங்கு. சிமெண்டுத் தரையில் தலை 3 மில்லிமீட்டருக்குள் நின்றுவிட்டால் 500 மடங்கு. உச்ச விசை சராசரியைவிட இன்னும் அதிகம். தரையைச் சோதிக்கும் அமெரிக்கத் தரநிலை இந்த உச்சம் 200 மடங்கைத் தாண்டக் கூடாது என்கிறது.

மணல் எப்படி அமுங்குகிறது? மேலிருந்து எடை விழுந்ததும் மணல் துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று உருண்டு விலகி இடம் கொடுக்கின்றன. நகர இடம் இருக்கும்வரைதான் அது மெத்தை. இடுக்குகளில் வண்டலோ களிமண்ணோ புகுந்து அடைத்தால், அல்லது ஈரம் மணல் துகள்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்தால், நகர இடமில்லை. பார்வைக்கு மணல்தான், விழுந்தால் கட்டாந்தரை. இந்த அத்தியாயத்தில் வரும் தேர்வு, வடிகால், கிளறல் எல்லாமே மணல் நகர இடம் வைத்திருப்பதற்கான வேலைகள்தான்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த அளவுகள் எல்லாம் தலைக்காயத்தை மனத்தில் வைத்து வகுத்தவை. மிக நல்ல தரையிலும் கையை ஊன்றி விழும் குழந்தைக்கு மணிக்கட்டு முறியலாம். அதைக் குறைக்க முக்கிய வழி கருவியின் உயரத்தைக் குறைப்பது.

உயரமும் ஆழமும்

விழும் உயரம் என்பது, குழந்தை ஏறி நிற்கவோ உட்காரவோ தொங்கவோ கூடிய மிக உயர்ந்த இடத்திலிருந்து தரை மட்டம்வரை உள்ள தூரம். சறுக்கு மரத்தில் மேல்தட்டு. தொங்கு கம்பியில் அந்தக் கம்பியே. ஊஞ்சலில் பலகையின் உயரத்தைக் கணக்கிடுவது வழக்கமான பிழை. சங்கிலி மாட்டியிருக்கும் மேல் கம்பியின் உயரமே கணக்கு, வீசி ஆடும் குழந்தை அந்த உயரம்வரை போகக்கூடும்.

அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 1981 முதல் பொது விளையாட்டுத் திடல்களுக்கென ஒரு கையேட்டை வெளியிட்டு, திருத்தி வருகிறது. அது தரும் அளவுகள் நம் கொத்தனார்களுக்கும் பழக்கமான அடி, அங்குலக் கணக்கில் இருப்பதால் அப்படியே பின்பற்றலாம். 9 அங்குல மணல் 4 அடி உயரம்வரை விழுவதற்குப் போதும். அதே 9 அங்குலம் சிறு கூழாங்கல் என்றால் 5 அடி, மட்கும் மரத்துண்டும் பட்டையும் கலந்தது என்றால் 7 அடி, சுத்தமான மரச்சில்லு என்றால் 10 அடி. ரப்பர் துகள் 6 அங்குலமே 10 அடிக்குத் தாங்கும். ரப்பரைத் தவிர வேறு எதையும் 9 அங்குலத்துக்குக் குறைவாகப் போடவே கூடாது, கருவி எவ்வளவு தாழ்வாக இருந்தாலும்.

இவை அமுங்கிய பிறகு இருக்க வேண்டிய ஆழங்கள். உதிரிப் பொருள் எதுவானாலும் மிதிபட்டும் நனைந்தும் குறைந்தது கால் பங்கு அமுங்கும். ஆகவே 9 அங்குலம் வேண்டுமென்றால் 12 அங்குலம் கொட்ட வேண்டும். ஒப்பந்தக்காரரிடம் எழுதி வாங்கும்போது "ஒரு அடி ஆழம்" என்றே எழுதுங்கள்.

ஐரோப்பியத் தரநிலை மணலுக்கு இதைவிடத் தாராளமாக இருக்கிறது: 20 சென்டிமீட்டர் ஆழம் 2 மீட்டர் உயரம்வரை, 30 சென்டிமீட்டர் 3 மீட்டர்வரை, சிதறிப் போவதை ஈடுகட்ட இன்னொரு 10 சென்டிமீட்டர். ஆனால் அது சொல்லும் மணல் 0.2 முதல் 2 மில்லிமீட்டருக்குள் சலித்து, வண்டலும் களியும் போகக் கழுவியது. நம் ஊரில் லாரியில் வந்து இறங்குவது அந்த மணல் அல்ல. வந்த பிறகு அதன்மேல் ஐப்பசி மழையும் பெய்கிறது. எனவே மணலைப் பொறுத்தவரை 4 அடி என்ற அமெரிக்க வரம்பையே வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் உறுதியான கருத்து.

இதன் விளைவு கொஞ்சம் கசப்பாக இருக்கும். 7 அடி ஊஞ்சல் மணல்மேல் நிற்கக் கூடாது. மணல்தான் கிடைக்கும், மரச்சில்லுக்கு வழியில்லை என்றால் உயர ஊஞ்சலை விட்டுவிடுங்கள். நான்கடிக்குள் ஒரு சறுக்கு மரம், சீசா, தவழ்ந்து போகும் குழாய், நடைபலகை என்று திட்டமிட்டாலே ஓர் அங்கன்வாடிக்கோ தொடக்கப் பள்ளிக்கோ நிறைவான திடல் அமைந்துவிடும்.

எவ்வளவு வாங்குவது?

கருவியின் எல்லாப் பக்கமும் 6 அடிவரை தரை மெத்தென்று இருக்க வேண்டும். 10 அடி நீளம், 4 அடி அகலமுள்ள சறுக்கு மரம் என்று வைத்துக்கொள்வோம். நீளத்தில் 22 அடி, அகலத்தில் 16 அடி. ஒரு அடி ஆழத்துக்கு 352 கன அடி. நம் ஊர் மணல் கணக்கில் 100 கன அடி ஒரு யூனிட். மூன்றரை யூனிட் ஆயிற்று, ஒரு சிறிய சறுக்கு மரத்துக்கு மட்டும்.

ஊஞ்சல் இதைவிட அதிக இடம் கேட்கும். மேல் கம்பி எத்தனை அடி உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு முன்னாலும், இரண்டு மடங்கு பின்னாலும். 7 அடிக் கம்பிக்கு முன்னும் பின்னும் 14 அடி, மொத்தம் 28 அடி நீளம். இந்த இடத்தில் பூந்தொட்டி, சிமெண்டு பெஞ்சு, விளக்குக் கம்பம், பதித்த விளிம்புக்கல் எதுவும் இருக்கக் கூடாது. பல திடல்களில் ஊஞ்சலுக்கு நேர் எதிரே பெற்றோர் உட்கார ஒரு கிரானைட் பலகை போட்டிருக்கிறார்கள். பிள்ளையைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்ற அக்கறையில் போட்டதுதான். அதை எடுத்து ஓரத்துக்குக் கொண்டுபோங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

மணலில் நல்லது, சலித்துக் கழுவிய உருண்டையான மணல். வாங்குமுன் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதிக்கு மணலும் அதற்கு மேல் தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக் குலுக்கி, சில மணி நேரம் ஆடாமல் வையுங்கள். மணல் அடியில் படியும், வண்டல் அதன்மேல் தனிப் படலமாக நிற்கும். அந்தப் படலம் தடிமனாகத் தெரிந்தால் அது சவுடு கலந்த மணல், திருப்பி அனுப்புங்கள். ஈர மணலை ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்து, காய்ந்தபின் விரலால் தட்டினால் பொலபொலவென்று உதிர வேண்டும். உருண்டையாகவே நின்றால் களி இருக்கிறது.

ஆற்று மணல் தட்டுப்பாட்டால் எம்-சாண்ட் போடலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். பாறையை உடைத்துச் செய்யும் அந்த மணல் முனைகளுள்ளது. ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இறுகும். கான்கிரீட்டுக்கு அதுதான் வேண்டும், குழந்தை விழும் இடத்துக்கு அது ஆகாது. போதாததற்குக் கல்தூசி வேறு. கடலோர ஊர்களில் கடற்கரை மணல் கண்ணெதிரே கிடக்கிறது. அதை அள்ளுவதற்குக் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் தடை விதிக்கின்றன. அதிலுள்ள உப்பும் ஊஞ்சல் சங்கிலியையும் கொக்கியையும் அரித்துவிடும்.

மணலின் பெரிய சிக்கல் நாயும் பூனையும். தெருநாய் மலத்திலிருந்து வரும் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் ஈர மணலில் தங்கி, வெறுங்காலில் ஆடும் குழந்தையின் தோலுக்குள் நுழைந்து, நெளிந்த கோடுகளாகத் தடித்து அரிக்கும். பூனை மலம் வழியே வேறு கிருமிகளும் வரும். சுற்றுவேலியும் தானே மூடிக்கொள்ளும் கதவும் இல்லாத இடத்தில் மணல் போடாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மரச்சில்லுதான் என் முதல் தேர்வு. காகித ஆலைகளுக்காகச் சவுக்கையும் தைலமரத்தையும் சில்லாக்கும் இடங்களிலிருந்து வாங்க முடியும். உயரம் அதிகம் தாங்கும், மழை நீர் கீழே இறங்கும், நாய் பூனைக்கு மணல் அளவுக்குப் பிடிக்காது. சில்லு சுத்தமான மரத்திலிருந்து வந்ததா என்று மட்டும் கட்டாயம் கேளுங்கள். மரப்பட்டறைக் கழிவில் பிளைவுட் தூள், பெயிண்டு, ஆணி எல்லாம் வரும். பூச்சி அரிக்காமலிருக்க ஆர்செனிக் கலந்த மருந்தேற்றிய பழைய மரத்தின் சில்லு எந்தக் காரணத்துக்காகவும் வரக் கூடாது.

நம் மண்ணில் மரச்சில்லுக்கு எதிரி கரையான். அதற்காக மருந்தடிக்க நினைக்காதீர்கள், குழந்தை கை வைத்து விளையாடும் இடம் அது. கீழே ஜல்லிப் படுகையும் மேலே அடிக்கடி கிளறலும் இருந்தால் கரையான் நிலைகொள்வது குறையும். மட்கிய பகுதியை அள்ளிச் செடிக்குப் போட்டுவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். தேள், பூரான் ஒதுங்குவதும் உண்டு. காலையில் குழந்தைகள் வருமுன் கிளறிவிடுவது அதற்காகவும்தான்.

கூழாங்கல்லை நான் பரிந்துரைப்பதில்லை. சின்னஞ்சிறு குழந்தைகள் அதை வாயிலும் மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வார்கள், பெரிய பிள்ளைகள் எறிவார்கள். கட்டட ஜல்லியைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

ரப்பர் துகள் பழைய டயரை அரைத்தது. குறைந்த ஆழத்திலேயே நன்றாகத் தாங்கும், மட்காது. ஆனால் சித்திரை வெயிலில் அதன்மேல் வெறுங்காலுடன் நிற்க முடியாது. நிழலில்லாத திடலுக்கு அது பொருந்தாது. டயருக்குள் இருக்கும் எஃகுக் கம்பி முழுவதும் நீக்கப்பட்டதா என்று காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். தீப்பிடித்தால் அணைப்பது கடினம் என்பதால் இரவில் ஆட்கள் வந்து புகைபிடிக்கும் பூங்காக்களில் தவிர்ப்பதே நல்லது.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்க் கழிவு மலிவாகக் கிடைக்கிறது என்று பலரும் சொல்வார்கள். மேலே சொன்ன கையேட்டின் அட்டவணையில் அதற்கு ஆழ அளவு எதுவும் இல்லை. நனைந்தால் நாள்கணக்கில் நீரைப் பிடித்து வைத்திருக்கும். காய்ந்தால் ஆடிக் காற்றில் பறந்து கண்ணில் விழும். உமியும் மரத்தூளும் இதே கதைதான். செம்மண்ணும் புல்லும் தரைப் பாதுகாப்பாகாது. புல் ஊஞ்சலடியில் சில வாரங்களில் தேய்ந்து வெறும் மண் தெரியும்.

சக்கர நாற்காலியில் வரும் குழந்தைக்கு மணலும் கூழாங்கல்லும் கடக்க முடியாத தடை. எந்தப் பொருளைப் போட்டாலும் ஒரு கருவிக்காவது உறுதியான பாதை ஒன்றை வாசலிலிருந்தே அமையுங்கள்.

அடித்தளம்

பள்ளம் தோண்டி நிரப்பும்போது நம் ஊரில் நடப்பது, வடகிழக்குப் பருவமழை வந்ததும் அந்தப் பள்ளம் குட்டையாவது. அதனால் பள்ளத்தின் அடி ஒரு பக்கம் சரிந்திருக்க வேண்டும். தாழ்ந்த மூலையிலிருந்து ஒரு குழாய் வெளியே போக வேண்டும். அடியில் 3 முதல் 6 அங்குலம் ஜல்லி, அதன்மேல் நீர் வடியவிடும் ஜியோ டெக்ஸ்டைல் துணி, அதற்கும் மேலே ஒரு அடி உதிரிப் பொருள். துணிக்குப் பதில் சாக்கு போடாதீர்கள், ஒரே மழைக்காலத்தில் மட்கி ஜல்லி மேலே வந்துவிடும். பழைய சிமெண்டு முற்றத்தின்மேல் நேரடியாக மணலைக் கொட்டுவதும் ஆபத்து. ஓர் இடத்தில் சிதறினாலே போதும், குழந்தை விழுவது சிமெண்டில்.

கருவியின் கால்களை ஊன்றும் கான்கிரீட் கட்டி, நிரப்பும் பொருளின் முழு ஆழத்துக்கும் கீழே இருக்க வேண்டும். நம் பூங்காக்களில் நான் அதிகம் பார்க்கும் குறை இதுதான். சறுக்கு மரத்தின் ஏணிக் காலடியில் ஒரு சதுரக் கான்கிரீட் கட்டி தரைக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும். குழந்தை ஏணியிலிருந்து தவறினால் விழுவது அதன்மேல்தான்.

ஓரத்தில் பொருள் வழியாமல் இருக்க வரம்பு வேண்டும். கூர்மையான சிமெண்டு விளிம்பு வேண்டாம். பாதி புதைத்த பழைய டயர்கள் மென்மையான நல்ல வரம்புதான். ஆனால் டயருக்குள் தேங்கும் ஒரு கை நீரில் டெங்குக் கொசு முட்டையிடும். டயர்களில் ஓட்டை போட்டு, உள்ளே மண் நிரப்பிய பிறகே புதையுங்கள்.

பராமரிப்பு

நல்ல பொருளைப் போட்டு ஓராண்டு தொடாமல் விட்ட திடலைவிட, சுமாரான மணலைப் போட்டு நாள்தோறும் சீர்செய்யும் திடல் பாதுகாப்பானது. உதிரிப் பொருள் ஆடும் குழந்தையின் காலால் நகர்கிறது, அதுவும் எங்கே குழந்தை அதிகம் விழுகிறதோ அங்கிருந்துதான் முதலில் நகர்கிறது. ஊஞ்சலுக்கு நேர் கீழே, சறுக்கு மரம் முடியும் இடத்தில், தொங்கு கம்பியின் இரு முனைகளில். மற்ற இடங்களில் ஒரு அடி இருக்கும்போது இங்கே மட்டும் நான்கு அங்குலம் இருக்கும். திடலின் சராசரி ஆழத்தால் எந்தப் பயனும் இல்லை. இந்த மூன்று இடங்களின் ஆழம்தான் கணக்கு.

கருவியின் ஒவ்வொரு காலிலும், முழு ஆழம் நிரப்பியதும் அந்த மட்டத்தில் பளிச்சென்ற பெயிண்டில் ஒரு கோடு போடுங்கள். 9 அங்குல மட்டத்தில் சிவப்பில் இன்னொரு கோடு. காவலரோ ஆயாவோ யாராயிருந்தாலும் சிவப்புக் கோடு தெரிந்தால் ஆழம் போதாது என்று புரிந்துவிடும். கால்கள் இல்லாத இடங்களுக்கு, அங்குலம் குறித்த ஒரு கம்பியைக் குத்திப் பார்த்தால் போதும். கம்பி துணியில் முட்டி நின்றதும், பொருளின் மேல்மட்டத்தில் அளவைப் படியுங்கள்.

தினமும் காலையில் ஒருவர் ரேக்கால் அந்த மூன்று இடங்களிலும் பொருளை இழுத்து நிரவ வேண்டும். அப்போதே கண்ணாடிச் சில்லு, பாட்டில் மூடி, நாய் மலம் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். மலம் கண்டால் அதைச் சுற்றியுள்ள மணலோடு மண்வெட்டியால் அள்ளி வெளியே புதைக்க வேண்டும்; அள்ளிவிட்டு அங்கேயே நிரவிவிடுவது கூடாது. பொதுப் பூங்காக்களில் மாதம் ஒருமுறையாவது மேல் மணலைச் சல்லடையில் சலியுங்கள். உடைந்த பாட்டில் துண்டு எங்கே புதைந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது.

வாரம் ஒருமுறை அடிவரை கிளற வேண்டும். மேலே மட்டும் நிரவினால் கீழே இறுகிவிடும். மழைக்காலத்தில் இது இன்னும் முக்கியம்: மழை விட்டதும் ஒரு நாள் வெயிலில் விட்டு, பிறகு கிளறி, மணல் உதிரியான பிறகே குழந்தைகளை உயரக் கருவிகளில் ஏறவிடுங்கள். ஈர மணல் மெத்தென்று தோன்றும், அதை நம்பாதீர்கள். வேப்பமரமோ புங்கமரமோ நிழல் தருவது பெரிய வரம். அதன் சருகைக் கூட்டி எடுக்காவிட்டால் மட்கி மண்ணாகி மணலின் இடுக்குகளை அடைக்கும்.

ஊஞ்சலடியில் எத்தனை முறை நிரவினாலும் பள்ளம் விழுந்துகொண்டே இருந்தால், அதற்கென்று செய்த தடித்த அதிர்வுதாங்கி ரப்பர் பாயை அந்த இடத்தில் போட்டு, அதன்மேல் பொருளை நிரப்பலாம். வீட்டு வாசலில் போடும் மெல்லிய மிதியடி இதற்கு உதவாது.

புதிதாக நிரப்ப ஏற்ற காலம் மே மாதம், ஜூனில் பள்ளி திறக்குமுன். மழைக்காலம் முடிந்ததும் பொங்கல் விடுமுறையில் இன்னொரு முறை ஆழம் பார்த்து, வண்டல் படிந்த மேலடுக்கை நீக்கி, குறைந்ததை நிரப்புங்கள். முதல் ஆண்டில் எத்தனை யூனிட் தேவைப்பட்டது என்று ஒரு நோட்டில் குறித்து வைத்தால், அடுத்த ஆண்டின் வரவுசெலவில் அந்தத் தொகையைத் தயங்காமல் கேட்க முடியும். அதே நோட்டில் நாள், அளந்த ஆழம், பார்த்தவர் பெயர் மூன்றும் இருக்கட்டும். "யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்று விட்ட திடல்களில் யாரும் பார்ப்பதில்லை. பொறுப்பாளர் ஒருவரின் பெயரை, அவர் விடுப்பில் இருந்தால் பார்ப்பவரின் பெயரோடு சேர்த்து, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

நாளைக் காலை உங்கள் திடலுக்குப் போய் ஊஞ்சலுக்கு நேர் கீழே ஒரு கம்பியைக் குத்திப் பாருங்கள். 9 அங்குலம் இல்லையென்றால், நிரப்பும்வரை அந்த ஊஞ்சலின் சங்கிலியைக் கழற்றி வைத்துவிடுங்கள்.